தேங்காய் எண்ணெய்: நஞ்சு என்றவர்களும் மருந்து என்றவர்களும்

நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு செய்திகள் மாறி மாறிச் சுற்றுகின்றன. ஒன்று, தேங்காய் எண்ணெய் சுத்த நஞ்சு என்று ஹாவர்ட் பேராசிரியர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பது. மற்றது, தேங்காய் எண்ணெய் கூடாது என்பதே அமெரிக்க சோயா வியாபாரிகள் கட்டிய கதை, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்தால் கொலஸ்ட்ரோல் மாத்திரையே தேவையில்லை என்பது. முதலாவதால் பெரிய கெடுதி ஒன்றும் நடக்கவில்லை. அதை வாசித்துவிட்டு எல்லாரும் அன்றிரவே சொதி ஊற்றி இடியப்பம் சாப்பிடுகிறார்கள். இரண்டாவதால் கெடுதி நடக்கிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரும் அதில் உண்டு.

நான் டொக்டர் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு ஹதீஸ் காதில் விழுந்தால் யார் யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையைத் தேடிய சமுதாயம் நாம். வட்ஸ்அப் செய்திக்கு அதில் கால்வாசியாவது தேடலாமே என்று இந்த இரண்டு செய்திகளின் வரிசையையும் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். சதி என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையைக் காட்டித்தான் மற்றப் பாதிப் பொய் விற்பனையாகிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். கடையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று ஒட்டியிருப்பார்கள். அது பொய் இல்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரோல் கிடையாது, அது விலங்குகளின் உடம்பில் உண்டாவது. ஆனால் அந்த ஒட்டுத்தாளால் நமக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நம் குருதியில் ஓடும் கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை நம் உடம்பே செய்கிறது. கொலஸ்ட்ரோல் துளியும் இல்லாத ஓர் எண்ணெய் அந்த அளவைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும். இது விளங்க விஞ்ஞானிகளுக்கே நாற்பது வருடத்துக்கு மேல் பிடித்தது.

கதை தொடங்குவது ரஷ்யாவில். 1913இல் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் நிக்கொலாய் அனிச்கொவ் என்ற இளம் மருத்துவர் கொலஸ்ட்ரோலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். முயல்களின் நாடிச் சுவர்களில் கொழுப்புப் படிந்தது. வேறு சில முயல்களுக்கு வெறும் சூரியகாந்தி எண்ணெயை மட்டும் கொடுத்தார். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. குற்றவாளி கொலஸ்ட்ரோல் என்று எழுதினார்கள், எண்ணெயை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் முயல் புல் தின்னும் பிராணி, கொலஸ்ட்ரோலுடன் அதற்குப் பழக்கமில்லை. நாயிலும் எலியிலும் இதைச் செய்து பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. விஷயம் பல வருடம் ஓரமாகக் கிடந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் விழுந்துகொண்டிருந்தார்கள். 1948இல் பிரேமிங்ஹாம் என்ற சிறு பட்டணத்து மக்களை வருடக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. 1952இல் கலிபோர்னியாவில் லோரன்ஸ் கின்செல் ஒன்றைக் கண்டார். நோயாளிகளின் உணவில் விலங்குக் கொழுப்பை எடுத்துவிட்டுத் தாவர எண்ணெயை வைத்தால் குருதிக் கொலஸ்ட்ரோல் இறங்கியது. உடனே எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: விலங்குக் கொழுப்புக் கெட்டது, தாவரக் கொழுப்பு நல்லது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த முடிவை உடைத்தது நம்முடைய தேங்காய் எண்ணெய்.

நியூயோர்க்கில் றொக்பெல்லர் நிறுவனத்தில் எட்வேர்ட் ஆரன்ஸ் என்றொருவர் இருந்தார். பொறுமைசாலி. நோயாளிகளை வார்டிலேயே தங்கவைத்து, பால் புரதம், சீனி, ஏதாவது ஒரு கொழுப்பு, இந்த மூன்றையும் கலந்த திரவ உணவை மட்டும் வாரக்கணக்காக, சிலருக்கு மாதக்கணக்காகக் கொடுத்தார். மற்ற எல்லாம் அப்படியே இருக்கும், கொழுப்பை மட்டும் மாற்றுவார். சோறு, பாண், மீன், மரக்கறி எதுவும் இல்லாததால் குருதியில் நடக்கும் மாற்றத்துக்கு அந்தக் கொழுப்பு ஒன்றுதான் காரணம். 1957இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் முடிவுகளை வெளியிட்டார். சோள எண்ணெய் கொலஸ்ட்ரோலை இறக்கியது. வெண்ணெய் ஏற்றியது. தாவர எண்ணெயாக இருந்தும் தேங்காய் எண்ணெய் வெண்ணெயின் பக்கம் போய் நின்றது. ஆகவே விலங்கா தாவரமா என்பதில் விஷயம் இல்லை, கொழுப்பமிலம் நிரம்பியதா நிரம்பாததா என்பதில் இருக்கிறது.

சாதாரண தரத்தில் படித்ததை மறந்தவர்களுக்காக: கொழுப்பமிலம் என்பது ஒரு காபன் சங்கிலி. சங்கிலி முழுக்க ஐதரசன் பிடித்திருந்தால் நிரம்பியது. இடையில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் நிரம்பாதது. நிரம்பிய சங்கிலிகள் நேராக இருப்பதால் நெருங்கி அடுக்கிக்கொள்ளும், சீக்கிரம் உறையும். ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயையும் ஒரு போத்தல் நல்லெண்ணெயையும் நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று வெள்ளையாக உறைந்துவிடும், மற்றது அப்படியே இருக்கும். 1830களில் லண்டனில் இருந்த பிரைஸ் மெழுகுதிரிக் கம்பனிக்கு நம் நாட்டுத் தேங்காய் எண்ணெய் தேவைப்பட்டது இந்தக் குணத்தால்தான். தேங்காய் எண்ணெய் வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போனது சமைப்பதற்கல்ல, விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும்.

அதே 1957இல் மினசோட்டாவின் அன்சல் கீஸ் இதை ஒரு சமன்பாடாகவே எழுதினார். நிரம்பிய கொழுப்பு ஏற்றுகிற அளவு, பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு இறக்குகிற அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1965இல் ஹாவர்டின் மார்க் ஹெக்ஸ்டெட் இன்னும் நுணுக்கமாகப் போனார். நிரம்பிய கொழுப்பமிலங்கள் எல்லாம் ஒன்றல்ல: ஸ்டியரிக் அமிலம் கொலஸ்ட்ரோலைப் பெரிதாக அசைப்பதில்லை, மிரிஸ்டிக் அமிலம் மிக அதிகமாக ஏற்றும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். அதற்கு அடுத்தபடியாக இருப்பது இந்த மிரிஸ்டிக்.

கீஸைப் பற்றி ஒரு வார்த்தை. 22 நாடுகளின் தரவு இருந்தும் தனக்குச் சாதகமான ஏழை மட்டும் பொறுக்கி 'ஏழு நாடுகள் ஆய்வு' செய்தார் என்று எல்லா வீடியோக்களிலும் சொல்கிறார்கள். இது இரண்டு சம்பவங்களைப் போட்டுக் குழப்பியது. அவர் 1953இல் வெளியிட்ட ஒரு வரைபடத்தில் ஆறு நாடுகள் இருந்தன. மற்ற நாடுகளையும் சேர்த்தால் தொடர்பு பலவீனமாகிறது என்று 1957இல் இருவர் சரியாகவே விமர்சித்தார்கள். ஏழு நாடுகள் ஆய்வு அதற்குப் பிறகு, 1958இல், நேரடியாக ஊர்களுக்குப் போய் ஆட்களைப் பரிசோதித்துத் தொடங்கிய வேறு வேலை. கீஸ் கர்வம் பிடித்த மனிதராக இருந்திருக்கலாம். ஆனால் தேங்காய் எண்ணெய் பற்றிய முடிவு அவருடைய வரைபடத்தில் தங்கியிருக்கவில்லை. அது ஆரன்ஸின் வார்டிலிருந்து வந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் மைக்கல் பிரவுண், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் 1970களில் எல்.டி.எல் வாங்கிகளைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். குருதியில் கொலஸ்ட்ரோலைச் சுமந்து திரியும் எல்.டி.எல் துணிக்கைகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் கொக்கிகள் என்று இந்த வாங்கிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவை அதிகம் இருப்பது ஈரலில். நிரம்பிய கொழுப்பு அதிகம் சாப்பிட்டால் ஈரலில் கொக்கிகளின் வேலை குறைகிறது, எல்.டி.எல் குருதியிலேயே தங்குகிறது. இனி மாத்திரைக்கு வருவோம். அகிரா எண்டோ என்ற ஜப்பானியர் 1970களின் தொடக்கத்தில் அரிசியில் பிடித்த பூஞ்சணம் ஒன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். ஸ்டாட்டின் ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதைக் குறைக்கிறது. தட்டுப்பாடு வந்த ஈரல் கொக்கிகளைக் கூட்டிக் குருதியிலிருந்து கொலஸ்ட்ரோலை இழுக்கிறது. அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடிப்பவர் என்ன செய்கிறார்? கொக்கிகளைக் கூட்டுகிற ஒன்றை விட்டுவிட்டு, அதே கொக்கிகளைக் குறைக்கிற ஒன்றை எடுக்கிறார். ஒன்றுக்குப் பதிலாக மற்றது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி, சதி என்று சொல்கிறவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அது சின்ன நியாயம் அல்ல.

முதலாவது மினசோட்டா விவகாரம். 1968 முதல் 1973 வரை அங்கே ஆறு அரச மனநோய் மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் 9,000க்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு வழமையான சாப்பாடு. மறு பகுதியினருக்கு நிரம்பிய கொழுப்பைக் குறைத்து, சோள எண்ணெயும் அதில் செய்த மாஜரினும். கொலஸ்ட்ரோல் ஏறத்தாழ 14 வீதம் இறங்கியது. ஆனால் மரணம் குறையவில்லை. நடத்தியவர்கள் இதை 1989 வரை ஒழுங்காகப் பிரசுரிக்கவில்லை. பிரசுரிக்காத தரவு வெளியே வந்தது 2016இல், ஆய்வுத் தலைவரின் வீட்டு நிலவறையில் கிடந்த பழைய நாடாக்களும் பெட்டிகளும் கிடைத்த பிறகு. பதினாறு வருடம் வாய் திறக்காமல் இருந்ததை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஆய்வில் இருந்தவர்களில் ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கியவர்கள் கால்வாசிப்பேர்தான். நாடியில் கொழுப்புப் படிய இருபது முப்பது வருடம் எடுக்கிறது, ஒரு வருடத்தில் அது கரைந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியுமா? 1969இல் முடிவு வெளியான, லொஸ் ஏஞ்சல்ஸில் 846 முன்னாள் படையினரை வைத்து எட்டு வருடம் நடந்த இதேபோன்ற ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. அங்கேயும் மொத்த மரணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இப்படியான 15 ஆய்வுகளை, 56,000க்கு மேற்பட்ட ஆட்களை, 2020இல் கொக்ரேன் குழு ஒன்றாக வைத்துப் பார்த்தது. இரண்டு வருடத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு இதய, நாடி நோய்ச் சம்பவங்கள் ஏறத்தாழ 17 வீதம் குறைந்திருந்தன. மரண எண்ணிக்கையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நான் புரிந்துகொண்டபடி, நன்மை இருக்கிறது, அற்புதம் இல்லை.

இரண்டாவது, 1980களின் எண்ணெய்ச் சண்டை. இதை ஒவ்வொரு தென்னந்தோட்டக்காரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்க பிஸ்கட், பொப்கோர்ன், பால்மாவுக்குப் பதிலாகக் கோப்பியில் போடும் தூள் இவற்றில் தேங்காய் எண்ணெயும் பாம் எண்ணெயும் இருந்தன. அமெரிக்க சோயா விவசாயிகள் சங்கம் 1987 அளவில் இவற்றுக்கு 'வெப்பவலயக் கொழுப்பு' என்று பெயர் வைத்து ஒரு பிரசாரம் நடத்தியது. உணவுக் கம்பனிகளுக்கும் அரசாங்கத்துக்கும் கடிதம் எழுதும்படி விவசாயிகளைத் தூண்டியது. அவர்களுக்கு இதய நோயைப் பற்றிக் கவலையா, சோயா விற்பனையைப் பற்றிக் கவலையா என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சோயா சங்கம் மட்டும் இல்லை. ஒமஹா நகரத்தில் பில் சொகொலொவ் என்று ஒரு கட்டடப் பொருள் வியாபாரி. 43 வயதில் மாரடைப்பு வந்து பிழைத்தவர். யாரிடமும் காசு வாங்காமல் தன் சொந்தச் சொத்திலிருந்து, 1988இல், அமெரிக்காவை நஞ்சூட்டுகிறார்கள் என்ற தலைப்பில் பெரிய பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டார். எந்தக் கம்பனியின் எந்தப் பெட்டியில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது என்று படத்தோடு. கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பணிந்தன. சதிக்காரர் பட்டியலில் இந்த மனிதரைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நம்பியதைச் செய்தார்.

கம்பனிகள் தேங்காய் எண்ணெயை எடுத்துவிட்டு எதைப் போட்டன என்பதில்தான் விபரீதம் நடந்தது. சோயா எண்ணெய் திரவம். பிஸ்கட் மொறுமொறுப்பாக இருக்க உறையும் கொழுப்பு வேண்டும். அதற்கு ஒரு பழைய வழி இருந்தது. 1902இல் வில்ஹெல்ம் நோர்மன் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் காப்புரிமை எடுத்த முறை: திரவ எண்ணெய்க்குள் ஐதரசனைச் செலுத்திக் கட்டியாக்குவது. 1911இல் அமெரிக்காவில் பருத்திவிதை எண்ணெயில் செய்த கிரிஸ்கோவும், 1937இல் இந்தியாவுக்கு வந்த டால்டாவும் இந்த முறையின் பிள்ளைகள். பாதியில் நிறுத்தி ஐதரசன் ஏற்றினால் மிஞ்சியிருக்கும் இரட்டைப் பிணைப்புகளில் சில திரும்பிக்கொள்கின்றன. அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. தேங்காய் எண்ணெய் இருந்த இடத்துக்குப் பாதி ஐதரசனேற்றிய சோயா எண்ணெய் வந்தது.

1990 ஓகஸ்ட் மாதம் ஒல்லாந்தின் மென்சிங்க், காட்டான் இருவரும் 59 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. நிரம்பிய கொழுப்பு எல்.டி.எல்லை ஏற்றியது. டிரான்ஸ் கொழுப்பும் எல்.டி.எல்லை ஏற்றியது, அதற்கு மேல் எச்.டி.எல்லையும் இறக்கியது. நல்லது என்று நினைத்து மாற்றிய சாமான், எடுத்துப்போட்டதைவிடக் கேடானது. 1957இலேயே இதைச் சந்தேகித்து எழுதிய பிரெட் கமரோ என்ற விஞ்ஞானி பிற்காலத்தில், 98 வயதில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மேல் வழக்கே போட்டார். 2003இல் டென்மார்க் முதலில் கட்டுப்படுத்தியது. அமெரிக்கா பாதி ஐதரசனேற்றிய எண்ணெய்களை விலக்கத் தீர்மானித்தது 2015இல். கமரோ அதைக் கண்ணால் கண்டுவிட்டு 2017இல், 102 வயதில் காலமானார்.

ஆக, தேங்காய் எண்ணெய்க்கு எதிராக வியாபாரப் போட்டி நடந்தது உண்மை. அதன் இடத்தில் அதைவிடக் கெட்டதை வைத்தார்கள் என்பதும் உண்மை. இதிலிருந்து "ஆகவே தேங்காய் எண்ணெய் கொலஸ்ட்ரோலை ஏற்றாது" என்று எப்படி வருகிறது? பக்கத்துக் கடைக்காரன் பொறாமையில் என் தராசு பிழை என்று முறைப்பாடு செய்கிறான் என்று வையுங்கள். பொறாமை உண்மைதான். தராசும் பிழையாக இருக்கலாம். ஆரன்ஸ் 1957இல் அளந்தபோது சோயா சங்கத்தின் பிரசாரத்துக்கு இன்னும் முப்பது வருடம் இருந்தது. சோயாவுக்காக அவர் பொய் அளந்தார் என்று சொல்ல முடியாது.

தேங்காய் தின்று வாழும் தீவுகள் என்று எப்போதும் காட்டும் உதாரணத்தையும் பார்ப்போம். பசுபிக் சமுத்திரத்தில் புக்காபுக்கா, டொக்கெலாவு என்று இரண்டு தீவு மக்கள். இயன் பிரையர் என்ற நியூசிலாந்து மருத்துவர் குழு 1981இல் எழுதியது. புக்காபுக்கா மக்களின் உணவுச் சக்தியில் 34 வீதமும் டொக்கெலாவு மக்களின் உணவுச் சக்தியில் 63 வீதமும் தேங்காயிலிருந்து. இரு தீவுகளிலும் நாடி நோய் அபூர்வம். இதுவரைதான் வட்ஸ்அப்பில் வரும். அதே கட்டுரையில், கூடுதலாகத் தேங்காய் தின்ற டொக்கெலாவு மக்களின் கொலஸ்ட்ரோல் மற்றத் தீவைவிட 35 முதல் 40 மில்லிகிராம் வரை கூட என்றும் இருக்கிறது. ஆரன்ஸ் சொன்னது சமுத்திரத்தின் நடுவிலும் சரியாக இருந்தது. அப்படியானால் அவர்களுக்கு ஏன் நோய் வரவில்லை? மீன், கிழங்கு, ஈரப்பலா, உடம்பு உழைப்பு, சீனியும் மாவும் குறைவு. அவர்களில் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் தேங்காயைக் குறைத்தார்கள், சீனியும் மாச்சத்தும் கூடின. நிரம்பிய கொழுப்புக் குறைந்தும்கூட எல்.டி.எல் ஏறியது, எச்.டி.எல் இறங்கியது. நம் பாட்டன்மார் தேங்காய் தின்று 90 வயது வரை இருந்தார்கள் என்று சொல்லும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அவர்கள் வயலுக்கு நடந்தார்கள். மோட்டார் சைக்கிளில் போய்க் கொத்து வாங்கிச் சாப்பிடவில்லை.

நம் நாட்டிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த ஷாந்தி மெண்டிஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நம் ஆட்களின் சாப்பாட்டில் தேங்காய்க் கொழுப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள். எட்டு வாரத்தில் எல்.டி.எல் ஏறத்தாழ 11 வீதம் இறங்கியது. அமெரிக்க வயிறு வேறு, நம் வயிறு வேறு என்று சொல்ல இனி வழியில்லை. இதை எழுதும்போது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. 1929இல் தென்னைக்கென்றே லுணுவிலையில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய நாடு இது. நம் புத்தளம் மாவட்டத்தில் தென்னையால் பிள்ளை படிப்பித்த வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். தேங்காயைக் குறை சொன்னால் கோபம் வருவது நியாயம். 2018இல் கரின் மிஷெல்ஸ் என்ற பேராசிரியை ஜேர்மனியில் ஒரு விரிவுரையில் சுத்த நஞ்சு என்று சொன்னாரே, அந்த முதல் செய்தியின் மூலம் அதுதான். எனக்கும் கோபம் வந்தது. நஞ்சு என்பது ஆய்வுக்குரிய சொல்லல்ல. ஆனால் கோபம் வேறு, கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் இலக்கம் வேறு.

இப்போது சுற்றும் மூன்று வாதங்களுக்குச் சுருக்கமாகப் பதில்.

தேங்காய் எண்ணெய் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, நேராக ஈரலுக்குப் போய் எரிந்துவிடும் என்கிறார்கள். எடை குறைவதைக் காட்டிய ஆய்வுகள் 8, 10 காபன் சங்கிலிகளை மட்டும் பிரித்தெடுத்த விசேட எண்ணெயில் செய்தவை. தேங்காய் எண்ணெயில் அவை ஏழில் ஒரு பங்கு அளவுதான். பாதியாக இருக்கும் லோரிக் 12 காபன் சங்கிலி, அதில் பெரும்பகுதி நீண்ட சங்கிலிகளைப் போலவே குருதிக்குப் போகிறது. அந்த ஆய்வுகளைச் செய்த கொலம்பியா பல்கலைக்கழக விஞ்ஞானியே தன் முடிவுகள் கடையில் விற்கும் தேங்காய் எண்ணெய்க்குப் பொருந்தாது என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, நல்ல கொலஸ்ட்ரோலான எச்.டி.எல்லையும் கூட்டுகிறதே என்பது. கூட்டுகிறது, உண்மை. 16 ஆய்வுகளை 2020இல் ஒன்றாகப் பார்த்தபோது, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட, எல்.டி.எல் 10 மில்லிகிராமும் எச்.டி.எல் 4 மில்லிகிராமும் கூடியிருந்தன. இந்த ஒப்பீட்டில் பாம் எண்ணெய் இல்லை. எச்.டி.எல் கூடினால் இதயம் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். அதை நம்பி எச்.டி.எல்லை நன்றாகவே உயர்த்திய டோர்செட்ரப்பிப் என்ற மருந்தின் ஆய்வை 2006 டிசம்பரில் அவசரமாக நிறுத்தினார்கள், ஏனென்றால் மருந்து எடுத்தவர்களில் மரணம் கூடியிருந்தது. எச்.டி.எல் எண்ணிக்கையைப் பார்த்து ஆறுதல் அடைய முடியாது.

மூன்றாவது, 2018 கேம்பிரிட்ஜ் ஆய்வு. 94 பேருக்கு நாலு வாரம், நாளுக்கு 50 கிராம் தேங்காய் எண்ணெய், ஒலிவ் எண்ணெய், வெண்ணெய் ஆகியவற்றில் ஒன்று. வெண்ணெய் எல்.டி.எல்லை ஏற்றியது, தேங்காய் எண்ணெய் ஒலிவைவிட ஏற்றவில்லை. இது உண்மையான ஆய்வு, மறைக்க வேண்டியதில்லை. வெண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெய் மென்மையானது என்று இதிலிருந்து சொல்லலாம். மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் வருகிற கணக்கு மேலே சொன்ன 10 மில்லிகிராம்.

சரி, நம் வீட்டுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் நிரம்பிய கொழுப்பு நாளாந்தச் சக்தியில் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இருப்பதும் 22 கிராம்தான். காலையில் 'மருந்தாக' அதைக் குடித்தவருக்கு அன்றைய பங்கு பஜ்ருக்குப் பிறகே முடிந்துவிட்டது. இனி தேங்காய்: துருவிய பருப்பு 300 கிராம் தரும் ஒரு தேங்காயில் நிரம்பிய கொழுப்பு 90 கிராம் அளவில் இருக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு தேங்காயென்றால் ஆளுக்கு 18 கிராம். பிழிந்த சக்கையில் கொஞ்சம் போய்விடும். சம்பலாக அரைத்தால் நார் கிடைக்கிறது, பாலாகப் பிழிந்தால் நார் போய்விடுகிறது, கொழுப்பு வருகிறது. அரைத்தேங்காயில் கறி முடிக்கிற வீட்டில் ஒருவரும் பயப்பட வேண்டியதில்லை. வட்டிலப்பம் பெருநாளைக்கு.

இதைவிட எனக்குக் கவலை நோன்பு மாதத்து ரோல்ஸும் சமோசாவும். அந்த எண்ணெய் அநேகமாகத் தேங்காய் எண்ணெயே அல்ல, பாதி நிரம்பிய பாம் எண்ணெய். அதுவும் அஸரிலிருந்து மஃரிப் வரை ஒரே தாச்சியில், கறுத்துப்போகும் வரை, மறுநாளும் அதே எண்ணெயில். தேங்காய் எண்ணெய் பற்றிச் சண்டை பிடிக்கும் நாம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மாத்திரையை நிறுத்தியவர்களிடம் ஒரு கேள்விதான். நிறுத்தி மூன்று மாதம் கழித்து லிப்பிட் புரொஃபைல் எடுத்துப் பார்த்தீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே எடுத்து, அந்த ரிப்போர்ட்டைக் கிளினிக்கில் காட்டுங்கள். எண்ணெய் குடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் ஏசினாலும் பரவாயில்லை.

போன பதிவில் எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டவர்களுக்கு: நூறு கிராமில் நிரம்பிய கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் 80க்கு மேல், நெய்யில் 60 அளவில், பாம் எண்ணெயில் 50 அளவில், கச்சான் எண்ணெயில் 17, சோயாவில் 15, நல்லெண்ணெயிலும் ஒலிவிலும் 14, சூரியகாந்தியில் 11 அளவில். ஒலிவ் எண்ணெய் வாங்க வசதி இல்லையென்று யாரும் வருந்த வேண்டாம். நல்லெண்ணெய் நம் கடையிலேயே இருக்கிறது. அதுவும் எண்ணெய்தான், ஒரு கரண்டிக்குச் சக்தி எல்லாவற்றிலும் ஒன்று, ஆகவே அளவோடு. மரக்கறி தாளிக்க அது போதும். மீன் பொரிக்க வாசம் பிடிக்காது என்று வீட்டில் சொல்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பொரிப்பதைக் குறைத்து ஆணம் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன்.